வயது சென்ற ஆண்களுக்கு வரும் நீர்த்தடை



இந்த வாரம் நான் எழுதப் புகும் விஷயம் பங்குத்தாளில் எழுதத் தக்கதுதானா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆயினும் அறியாமையினால் ஒரு பெரியவருக்கு நான் செய்த அநியாயத்தை நினைக்கும்போது சும்மா இருக்க மனம் வரவில்லை.

முன்பு நான் இருந்த ஒரு பங்கில் நடந்தது இது. அறுபத்தெட்டு வயதுள்ள அந்தப் பெரியவர் ஞாயிறு பூசைக்கு எப்போதும் முதல் வரிசையில் நிற்பவர். திடீரென்று கடைசி வரிசைக்குப் போனார். பிறகு வாசற்படி ஓரத்துக்குப் போனார். எழுந்தேற்ற மணி அடிக்கும் முன்னே வெளியே நழுவுவதும், நன்மை வாங்கும் நேரத்தில் திரும்பி வருவதுமாக இருந்தார். வெளியே பீடி குடிக்கப் போகிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், "பூசை நடுவே வாசலுக்கு ஓடுகிறவர்கள்" என்று, பெயர் சொல்லாமல், ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அடுத்த ஞாயிறு முதல் அவர் வரவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு இரவு பஸ்ஸில் போயிருக்கிறார். சளிக்காகக் கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு நீரை அடக்கியிருக்கிறார். விடியற்காலம் இறங்கிப் பார்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு பானை போல் வீங்கி, வலியில் புரண்டவரைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய் செருகியபோது, ஒன்றேகால் லிட்டர் நீர் வந்ததாம்.

"ஏன் ஐயா, ஒருவரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"எதைச் சாமி சொல்லுவது? நீர் முட்டினால் ஒரு நிமிஷம் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் நின்றால் சொட்டுச் சொட்டாய் வருகிறது. இதை மருமகளிடமா சொல்லுவேன்?"

"அம்மாளுக்குக்கூடத் தெரியாதா?"

"ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கிறேன் என்று பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதியென்று அவளே முடிவு கட்டி, காப்பிக்குச் சீனி போடுவதை நிறுத்திவிட்டாள், சாமி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மூன்று வருஷம் மறைத்து வைத்ததில் நீர் மேல்நோக்கித் தேங்கி, சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. ரணசிகிச்சைக்குப் பின் நீர் தாராளமாய்ப் போயிற்று. சிறுநீரகங்களோ பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

காரணத்தைச் சொல்லுகிறேன். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே புராஸ்டேட் என்னும் சுரப்பி ஒன்று உண்டு. வாலிபத்தில் அது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, ஏறக்குறைய 20 கிராம் எடை. சந்தான உற்பத்திக்குத் துணையான ஒரு திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. மணியின் நடுவே நூல் கோர்த்தாற்போல, நீர் இறங்கும் தாரை இந்தச் சுரப்பியின் ஊடே செல்லுகிறது. நாற்பது வயதுக்கு மேல் சுரப்பி மெதுவாகப் பெருக்கத் தொடங்கும். 60 வயதை எட்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கும், 80ஐத் தாண்டியவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கும் பெருத்திருக்கும். எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை. அளவில் பெரிதான சுரப்பி சும்மா இருப்பதும், சிறியது தாரையை நெரித்துவிடுவதும் உண்டு.

நெரிபடும்போது பை அதிகப் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது. ஆகையால் அதன் தசை தடித்து, எரிச்சல் கொண்டு, கொஞ்சம் நீர் சேர்ந்தாலும் அவசரப்படுத்துகிறது. நாளாவட்டத்தில் களைத்துப்போய் முழுவதும் வெளியேற்ற மாட்டாமல் மிச்சம் வைக்கிறது. தேங்கின நீரில் கிருமி பற்றும், கல் விளையும். தாரை மெலிவது, தொடங்கத் தாமதிப்பது, விட்டு விட்டு வருவது, போய் வந்த பின்னும் மிச்சம் இருப்பதாய்த் தோன்றுவது, இரவில் பலமுறை எழுப்புவது ஆகியவை இதன் அடையாளங்கள். நீரில் இரத்தம் கண்டால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். அடியோடு நின்றுபோனால் ஒரு மணி நேரமும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்போது நெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொடுத்துக் கொண்டிருப்பது, மதகு அடைபட்ட குளத்துக்கு இன்னும் தண்ணீர் விடுவது போலாகும்.

அந்த அம்மாள் எண்ணியதும் வீண் எண்ணமல்ல. சர்க்கரை வியாதியும் அடிக்கடி நீர் போகச் செய்யும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். இரத்தமும் நீரும் பரிசோதித்து, போன பின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வைத்தியர் ஆசனவாயில் விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. இதற்குப் பயந்தே பலர் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம் அது.

மருந்துகள் இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றவை தசையைத் தளர்த்திச் சில நாளிலேயே வழி விடும். ஆனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கொஞ்சம் உட்கார்ந்திருந்து எழ வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இந்த மருந்து சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டதையும்கூட, கண் வைத்தியரிடம் அவசியம் சொல்லுங்கள். இது கண்ணின் கருவிழித்திரையைத் தளர்த்தி ஆபரேஷனில் சிக்கல் உண்டாக்கும். பினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு என்பவை சுரப்பியையே சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். மருந்துக்கு மசியாவிட்டால் நீர்த்தாரை வழியாகவே கருவி செலுத்தி, அடைக்கும் சதையைச் சுரண்டியோ லேசரால் அகற்றியோ விடுவார்கள். பெரும்பாலும் வயிற்றைக் கீற வேண்டியதில்லை.

1967 நவம்பர் 4ந் தேதி இதே சுரப்பிக்காகப் பரிசுத்த பிதா ஆறாம் சின்னப்பருக்கு வத்திக்கான் அரண்மனையிலேயே ரணசிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 70. 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்தவர் அவரே. உலகப் பத்திரிகைகளெல்லாம் அவருடைய வியாதியின் பெயரை வெளியிட்டன. அதன்பின் 1968ல் கொலம்பியாவுக்கும், 1969ல் உகாண்டாவுக்கும், 1970ல் மணிலாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பயணம் செய்தார். 1978 ஆகஸ்டு வரை உயிரோடிருந்தார். பாப்பரசரின் வியாதியை ஊரறியச் சொல்லலாம், நம்முடையதை மனைவிக்கும் சொல்லக்கூடாது என்பது எந்த ஊர் நியாயமோ!

புற்றுநோயைப் பற்றியும் கேட்பீர்கள். சுரப்பி பெருப்பது வேறு, அதில் புற்று உண்டாவது வேறு. முன்னது பின்னதாக மாறுவதில்லை. நீர் தடைப்படுகிறது ஆகையால் புற்று என்று நடுங்குவதும் தப்பு. நன்றாய்ப் போகிறது ஆகையால் புற்று இல்லை என்று இருப்பதும் தப்பு. ஏனெனில் அது ஆரம்பத்தில் அடையாளமே காட்டாது. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது உயர்ந்திருந்தால் புற்று என்று அர்த்தமல்ல. சுரப்பி பெருத்தாலும், கிருமி பற்றினாலும் உயரும். பினாஸ்டரைடு சாப்பிடுகிறவர்களுக்கு அது பாதியாகக் குறைந்து காட்டும். 55 முதல் 69 வயது வரையுள்ளவர்கள் அதன் நன்மை தீமைகளை வைத்தியரோடு பேசி முடிவு செய்யலாம். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ அந்தப் புற்று வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே பேசுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சமே. இந்த உபாதைக்குப் பயந்து பகலில் தண்ணீரைக் குறைப்பது தப்பு. படுப்பதற்கு இரண்டு மணி முன்னே நிறுத்தினால் போதும். மாலையில் காப்பி, தேநீர் வேண்டாம். மதுவும் மலச்சிக்கலும் நீரை அடைக்கும். ஒருமுறை போய்ச் சற்று நேரம் நின்று மறுமுறை முயன்றால் மிச்சம் இறங்கும். சளி மாத்திரை வாங்கும்போது, "எனக்கு நீரடைப்பு உண்டு" என்று கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பெரியவர் விழுங்கிய மாத்திரையும் இப்படித் தாரையை இறுக்கும் வகையாய் இருந்திருக்கும் என்று வைத்தியர் என்னிடம் சொன்னார்.

தாய்மார்களே, இரவில் உங்கள் வீட்டுக்காரர் எத்தனை தரம் எழுகிறார் என்பது அவரைவிட உங்களுக்கு நன்றாய்த் தெரியும். பிள்ளைகளிடம் சொல்ல அவர் வெட்கப்பட்டால், நீங்களே மூத்த மகனிடம் சொல்லி வைத்தியரிடம் அனுப்புங்கள்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சாமி, நீங்கள் சின்னப் பிள்ளை, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வருகிற ஞாயிறு முதல் நம் கோவிலில் வடக்கு வாசலை ஒட்டிய இரண்டு பெஞ்சுகள் வயதானவர்களுக்கு விடப்படும். அந்தப் பக்கத்துக் கழிப்பறை பூசை முடியும்வரை திறந்திருக்கும், விளக்கும் போட்டாயிற்று. கோவில்பிள்ளையிடம் போய்ச் சாவி கேட்க வேண்டியதில்லை.