பலபடி ஆராய்ச்சியில் இறங்கும் தம்பிக்கு



நண்டோட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை எடுத்து, அதன் சங்கிலியின்மேல் மெத்தில் மெத்தாக்ரிலேட்டை ஒட்டுக் கட்டிப் புதியதொரு பலபடியைச் சிருஷ்டிக்கும் விஷயத்தை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பதாக நீ எழுதிய கடிதத்தைப் படித்து மிகுந்த சந்தோஷம் அடைந்தேன். 1929இல் தோன்றிய நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆய்வு மையம் ஒன்று இருப்பதும், முடசலோடையிலும் கடலூர் முதுநகரிலும் கரையேறும் நண்டின் ஓடு பெரும்பாலும் கழிவாகவே ஒதுக்கப்படுவதும் சேர்ந்து பார்க்கும்போது, அண்ணாமலை நகரில் இருந்துகொண்டு செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எளிதில் அகப்படாது என்றே தோன்றுகிறது. ஆயினும், ஓட்டிலிருந்து எடுப்பது காலவிரயம் என்று கருதிக் கைட்டோசானைக் கடையில் புட்டியாக வாங்கிவிட உத்தேசித்திருப்பதாக நீ எழுதியிருக்கும் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தக் கடிதம் நீண்டுபோவதற்கு அதுவே காரணம்.

சிறு மூலக்கூறுகளின் இரசாயனத்தில் ஒரு வஸ்துவின் பெயரைச் சொல்லிவிட்டால் அதன் சொரூபம் முழுவதையும் சொன்னதாகிவிடும். பென்சாயிக் அமிலத்தைச் சிதம்பரத்தில் செய்தாலும் ஜெர்மனியில் செய்தாலும், சுத்தமாக இருக்குமானால், 122 பாகை செல்சியஸில் அது உருகியே தீரும். பலபடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது ஒரே நீளமுள்ள மூலக்கூறுகளின் தொகுதி அன்று. நெடியதும் குறியதுமான எண்ணற்ற சங்கிலிகளின் கூட்டம். ஆனித் திருமஞ்சனத் தேரோட்டத்தில் வடம் பிடித்து நிற்பவர்களைத் தலைக்கு ஒருவராக எண்ணிச் சராசரி வயது கண்டால் ஒரு விடை வரும், இழுக்கும் பலத்துக்கு ஏற்ப மதிப்புக் கொடுத்துக் கண்டால் வேறு விடை வரும், இரண்டும் மெய்யே. அவ்வாறே ஊடுபரவல் அழுத்தம் சங்கிலிகளின் தலையை எண்ணுகிறது. ஒளிச்சிதறல் பெரிய சங்கிலிகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறது. பாகுநிலை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஆகையால் மூலக்கூறு எடை இவ்வளவு என்று நீ எழுதும்போதெல்லாம், எந்த முறையால் கண்ட எடை என்பதையும் அதே வரியில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறாய். இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்டென்று 1920இல் ஸ்டாடிங்கர் எழுதியபோது அவருடைய காலத்துப் பெரிய இரசாயனிகள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். 1953இல்தான் அவருக்கு நோபல் பரிசு கிட்டிற்று. அந்த எதிர்ப்பை வென்றதில் பாகுநிலைமானி என்னும் எளிய கண்ணாடிக் குழாய்க்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அதைப் பழங்காலக் கருவி என்று நீ ஒதுக்கிவிடலாகாது.

சங்கிலியின் நீளத்தை நிர்ணயிப்பது எது என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டுவதில்லை. கடலூர் சிப்காட் வளாகத்தில் வினைல் குளோரைடைப் பி.வி.சி.யாக மாற்றும் ஆலை இருக்கிறது. அந்தக் கிரியையில் வளரும் சங்கிலி பெரும்பாலும் தன் வளர்ச்சியை ஒரு வினைல் குளோரைடு மூலக்கூறுக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு முடிந்துபோகிறது. இந்த மாற்றம் வெப்பத்தைப் பொறுத்தது ஆதலால், உலையின் வெப்பநிலையே சங்கிலியின் நீளத்தை நிர்ணயிக்கிறது. குழாய்க்கு ஏற்ற கே 67 என்னும் தரம் வேண்டுமானால் அதற்குரிய வெப்பத்தில் உலையை விடாமல் நிறுத்தவேண்டும். சில பாகை நகர்ந்தாலும் தரம் வேறாகிவிடும். மூட்டையின்மேல் பி.வி.சி. என்று மாத்திரம் எழுதியிருந்தால் வாங்குகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வஸ்து எவ்வாறு பிறந்தது என்ற வரலாறே அதன் அடையாளம்.

கைட்டோசான் விஷயத்தில் இந்த உண்மை பதின்மடங்கு பலிக்கும். ஓட்டைக் கழுவி உலர்த்திப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்புச்சத்து நுரைத்துக் கரைகிறது. சூடான நீர்த்த காரத்தில் புரதம் நீங்குகிறது. எஞ்சிய கைட்டினை 40 முதல் 50 சதவீதம் வரையுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் 100 பாகைக்கு அண்மையில் வைத்திருக்க, அசெட்டைல் தொகுதிகள் படிப்படியாகக் கழன்று, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரையக்கூடிய கைட்டோசான் கிடைக்கிறது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த மூன்று படிகளிலும் சங்கிலி அறுபடுவதற்கு இடமுண்டு. அமிலத்தில் அதிக நேரம் விட்டால் அறும். காரத்தில் காற்று புகுந்தாலும் அறும். ஆதலால்தான் நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே செய்யச் சொல்லுகிறோம். முக்கண் நண்டின் ஓடும் சேற்று நண்டின் ஓடும் ஒன்றல்ல. இவ்வளவையும் தாண்டி வந்த புட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பூர்வோத்தரம் தெரியாமல், அதன்மேல் நீ கட்டுகிற ஒட்டின் குணங்களை எப்படி விளக்கப்போகிறாய்? ஓட்டிலிருந்தே தொடங்கு. முதல் ஆறு மாதம் அதில் கழிந்தாலும் நஷ்டமில்லை.

பிறகு பாகுநிலைமானியை எடு. 30 பாகையில் நீர்த்தொட்டியை நிறுத்துவது மார்கழியில் எளிது; சித்திரை, வைகாசியில் அறையின் வெப்பம் அதற்குமேல் ஏறிவிடுவதால் தொட்டிக்குள் குளிர்நீர்ச் சுருள் ஓடவேண்டும். கைட்டோசானை அசெட்டிக் அமிலத்தில் மாத்திரம் கரைத்து, நீர்த்துக்கொண்டே போய் ஒவ்வொரு செறிவிலும் குழாயில் இறங்கும் நேரத்தைக் குறித்துக் கணக்கிட்டுப் பார்: கோடு கீழே இறங்குவதற்குப் பதிலாக, செறிவு குறையக் குறைய மேலே வளைவதைக் காண்பாய். நேர்மின்னேற்றம் பெற்ற தொகுதிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விரிந்துபோகிறது. நீர்க்க நீர்க்க அந்த விரிவு மிகுகிறது. சோடியம் குளோரைடு சேர்த்த கரைப்பானில் மறுபடி செய்தால் கோடு நேராகும். இந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் உன் கையால் வரைந்து பார்த்த பிறகுதான் மின்னேற்றமுள்ள சங்கிலி என்றால் என்னவென்று உனக்குத் தெரிந்ததாகச் சொல்லுவேன். அசெட்டைல் எவ்வளவு நீங்கிற்று என்பதையும் தரம்பார்த்தல், அகச்சிவப்பு நிறமாலை, புரோட்டான் காந்த ஒத்ததிர்வு என்னும் மூன்றில் இரண்டினாலாவது காணவேண்டும். விடைகள் சற்று வேறுபட்டால் சங்கடப்படாதே, வேறுபாட்டையும் எழுது.

இனி ஒட்டுக் கட்டும் கிரியைக்கு வருவோம். அதைத் தொடங்கிவைக்க நீ தேர்ந்திருக்கும் சீரிக் அயனி நம் மாநிலத்து ஆராய்ச்சிக்குப் புதியதன்று. மான்செஸ்டரில் எவன்ஸ், ஊரி ஆகியோருடன் சேர்ந்து, நீர்க்கரைசலில் இரும்பு அயனிகளின்மேல் ஒளி விழும்போது வினைல் சேர்மங்கள் பலபடியாவதை ஆராய்ந்து 1951இல் கட்டுரை வெளியிட்ட சாந்தப்பா அவர்கள், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுடன் சீரிக் முதலான உலோக அயனிகளால் தொடங்கும் பலபடியாக்கத்தின் வேகவியலை வரிசையாக ஆராய்ந்தார். 1967இல் பட்நாகர் பரிசு பெற்றார். அடையாற்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இதே அயனியைக் கொண்டு தோலின் கொலாஜன்மேல் வினைல் சேர்மங்களை ஒட்டுக் கட்டினார்கள். அந்த மரபில் நான் மிகவும் மதிப்பது ஒன்றுண்டு: புதிய பொருள் கிடைத்தது என்று சொல்லுவதற்கு முன் கிரியை எப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். வளரும் சங்கிலிகள் ஒன்றோடொன்று மோதி முடிந்தால் பலபடியாகும் வேகம் சீரிக் செறிவின் வர்க்கமூலத்தை ஒட்டி உயரும். சீரிக் அயனியே சங்கிலியை முடித்துவைக்குமானால் செறிவைக் கூட்டினாலும் வேகம் கூடாது. எஞ்சிய சீரிக்கை ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டால் தரம்பார்த்து, நாலைந்து செறிவுகளில் வேகத்தைக் கண்டால் இந்த இரண்டில் எது நடக்கிறது என்பது உனக்கே விளங்கும். அதிகச் சீரிக் போட்டால் அதிக ஒட்டு விழும் என்ற எண்ணமும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆய்வேடுகளைப் பரிசீலிக்கும்போது அடிக்கடி கண்ணில் படும் குறைகள் இரண்டு. மெத்தில் மெத்தாக்ரிலேட்டிலிருந்து, கைட்டோசானில் ஒட்டாமல் தனியே வளர்ந்த பலபடியும் கூடவே உண்டாகிறது. சாக்ஸ்லெட்டில் அசிட்டோனை விட்டு, எடை மாறாத நிலை வரும்வரை அதைப் பிரித்தெடுக்காமல், கூடிய எடை முழுவதையும் ஒட்டு என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். மற்றொன்று இதைவிட நுட்பமானது: சீரிக் அயனி கைட்டோசானின் சங்கிலியையே ஆக்சிகரித்து அறுக்கவல்லது. மோனோமராகிய மெத்தில் மெத்தாக்ரிலேட்டை மாத்திரம் சேர்க்காமல், மற்றெல்லாம் அதேபடி வைத்து ஒரு வெற்றுச் சோதனை நடத்தி, கைட்டோசானின் எடையும் பாகுநிலையும் எவ்வளவு குறைகின்றன என்று பார்த்தவர்களை நான் வெகு சிலரையே கண்டிருக்கிறேன். அந்த வெற்றுச் சோதனை இல்லாத ஒட்டு விகிதத்தை நான் நம்புவதில்லை. மோனோமரில் கலந்து வரும் ஹைட்ரோகுவினோனைக் காரத்தால் கழுவி, நீரால் அலசி, உலர்த்திக் குறைந்த அழுத்தத்தில் வடித்தெடுப்பதை மாத்திரம் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடாதே.

பரங்கிப்பேட்டைக்குப் போய் ஓடு வாங்கும்போது நண்டின் இனம், தேதி, பிடித்த இடம் மூன்றையும் அங்கேயே குறிப்பேட்டில் எழுதிக்கொள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஓட்டை வெயிலில் உலர்த்த முடியாது; ஆகையால் அதற்குள் ஒரே இனத்து ஓட்டைப் போதிய அளவு சேர்த்து உலர்த்திப் பொடித்து, ஒரே தொகுதியாகக் கலந்து, காற்றுப் புகாத புட்டிகளில் அடைத்து வைத்துவிடு. அதில் ஒரு பகுதியை எரித்துச் சாம்பல் சதவீதம் கண்டு, அமிலத்தில் இட்ட பிறகு எஞ்சும் சாம்பலையும் கண்டு, இரண்டு எண்களையும் அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது. அமிலத்தின் வலிமையையும் நேரத்தையும் எவ்வளவு குறைக்கலாம் என்பதை அந்த எண்களைப் பார்த்துப் பேசுவோம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் ஆசிரியன்