மழை நாளில் வண்டலூர்

காலை எட்டே காலுக்கு எழும்பூரில் வந்து நின்ற மின்சார ரயிலின் நெற்றியில் 'தாம்பரம்' என்று இருந்தது. வெளியே தூறல். குடையை மடக்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுமோ என்ற பதற்றத்தில், இதை எழுதுகிற ஆசாமி பத்து வயது அக்கா மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு ஏறிவிட்டார். போக வேண்டியது வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு. தாம்பரம் தாண்டினால் பெருங்களத்தூர், அதற்கடுத்தது வண்டலூர். இரண்டே நிலையம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. தாம்பரத்தில் இறங்கும்போது தூறல் மழையாகியிருந்தது. செங்கல்பட்டு வண்டி வர இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.

"மாமா, நேத்தே டைம் பாத்து வச்சிருக்கலாம்ல?"

பார்த்திருக்கலாம். கடற்கரையிலிருந்து தெற்கே வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. வெயில் நாளென்றால் வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏதாவது ஒரு பேருந்தைப் பிடித்துவிடலாம். மழையில் அந்தச் சௌகரியம் கிடையாது. முதலில் செங்கல்பட்டு வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்குத் தக்கபடி வீட்டில் இட்லி சாப்பிடும் நேரத்தை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதும் நினைவிருக்கட்டும். நனைந்துகொண்டே போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு.

நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. 1855இல் எட்வர்ட் பால்ஃபோர் அரசு அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கிய விலங்குக் காட்சி, பிறகு சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஜனங்கள் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்றும் விலங்குக் காட்சிக்கு உயிர் காலேஜ் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். 1985இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போனது. கம்பிக் கூண்டுகளின் இடத்தை அகழி சூழ்ந்த திறந்தவெளி அடைப்புகள் பிடித்துக்கொண்டன. விலங்குகளுக்கு நல்ல காலம். பார்க்க வருகிறவர் மட்டும் ஒரு ரயில் கூடுதலாகப் பிடிக்க வேண்டும்.

வண்டலூர் நிலையத்திலிருந்து பூங்கா வாசலுக்கு நடந்தே போய்விடலாம். நடுவே ஜி.எஸ்.டி. சாலை இருக்கிறது. ஓரத்தில் தேங்கிய தண்ணீரை லாரிகள் வாரி இறைக்கும்போது குடை பிடித்தும் பிடிக்காத கதைதான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் குழந்தை என்றால் மூக்கைச் சொறியக்கூட மூன்றாவது கை வேண்டும். ஆளுக்கொரு மழைக்கோட்டு மேல். காலுக்கு வார் வைத்த செருப்பு. நம் ஆசாமி கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போனார். பத்தரை மணிக்கெல்லாம் அடிக்கு ஒரு தரம் 'சளக்' என்று சத்தம். மருமகளின் ரப்பர் செருப்போ நடைமேம்பாலப் படியில் வழுக்கிவிட்டது. நல்லவேளை, கைப்பிடி கைக்கெட்டியது.

உருப்படியாக ஒரே ஒரு காரியம் செய்திருந்தார்கள். பூங்காவுக்குள் பாலித்தீன் பை கூடாது என்பதால் மாற்றுத் துணியையும் துண்டையும் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடைத்து மூடியிருந்தார்கள். சாயங்காலம் வரை அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

உள்ளே கூட்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு தோள்களுக்கு இடையே எட்டிப் பார்க்க வேண்டிய இடங்களில் சாவகாசமாக நிற்க முடிந்தது. மழையில் எல்லாம் ஒளிந்துகொள்ளும், ஒன்றும் கண்ணில் படாது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. சிங்கம் நனைய விரும்பாமல் ஓரமாக ஒண்டிக்கொண்டு, காதை மட்டும் ஆட்டியது. புலி அப்படியில்லை. அதற்குத் தண்ணீர் பிடிக்கும்; சொட்டச் சொட்ட நடந்தது. வெயில் நாளில் முதுகும் மூக்கும் தவிர எதையும் காட்டாத நீர்யானை கரையேறி முழு உருவத்தோடு நின்றது. அதற்கு நம்மைப் போல வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் தோல் காய்ந்து வெடித்துவிடும் என்பதால்தான் பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கிறது. மேகம் மூடிய நாளில் அந்தப் பயம் இல்லை. இத்தனை குட்டைக் கால் என்று இதற்கு முன்பு தெரியாது என்றாள் மருமகள்.

சிங்கவால் குரங்குகளிடம் அதிக நேரம் போனது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுப் பிராணி. சென்னையின் மழை அதற்குப் பெரிய விஷயமா என்ன? ஆனாலும் ஒன்று முதுகைக் கூனிக்கொண்டு, பிடரி மயிரிலிருந்து தண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து சொட்டுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே சுற்றும் நாட்டுக் குரங்குகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பொட்டலத்தைப் பிரித்தால் பங்குக்கு வந்துவிடும். சாப்பாட்டை வெளியில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

பூங்காவின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். மழையில் அத்தனையையும் பார்த்தே தீருவது என்று கிளம்பினால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. ஆறேழு அடைப்புகளைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் நிற்கலாம். மழை வலுத்தால் இரவு விலங்குகளின் இருட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிடலாம். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். அவசரக்காரர்கள் அதற்குள் வெளியே வந்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

இதெல்லாம் சாதாரண வடகிழக்குப் பருவமழைக்குத்தான். வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது. 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, ரயில்களும் நின்றுபோயின. அடுத்த ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல் பூங்காவுக்குள் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வாரக்கணக்கில் பூங்காவைத் திறக்க முடியவில்லை. காற்று பலமாக இருந்தால் மழை லேசாக இருந்தாலும் வேறொரு நாள் பார்த்துக்கொள்வது உத்தமம். அங்கே நடப்பது முழுக்க மரத்தடியில்தான்.

திரும்பும் நேரத்தையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மழை மேகம் இருந்தால் நாலரைக்கே விளக்கு வேண்டும். இவர்கள் மூன்றரைக்குக் கிளம்பினார்கள். காலையில் எழும்பூரிலேயே போக வரச் சேர்த்துச் சீட்டு எடுத்திருந்தது கைகொடுத்தது. நிலையத்தில் ஒருவர் ஈர விரலால் கைபேசித் திரையைத் தேய்த்துத் தேய்த்துச் சீட்டு எடுக்கப் போராடிக்கொண்டிருந்தார். கண்ணெதிரே வண்டி வந்து நின்று, போயும்விட்டது.

ரயிலில் உட்கார்ந்ததும் மருமகள் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டாள். பெருங்களத்தூர் தாண்டும்வரை பேச்சே இல்லை.

"மாமா, அந்த மயிலுக்கு ஏன் தோகையே இல்ல? நனைஞ்சு கொட்டிப் போச்சா?"

மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆண் மயில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தோகையை உதிர்த்துவிடும், மறுபடி மெல்ல வளரும் என்று அவர் விளக்கினார். எவ்வளவு நாளில் முழுசாக வளரும் என்று கேட்டாள். கோடைக்குள் வளர்ந்துவிடும் என்றார்.

"அப்போ மே மாசம் இன்னொரு தடவை வரணும்," என்றாள் அவள். அவர் குனிந்து ஷூவைக் கழற்றி, காலுறையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிழிந்தார்.