பழைய துப்பாக்கியின் மதிப்பு: சீரமைப்பதா, மாற்றுவதா?

சந்தையில் விற்கப்படும் பழைய பொருளின் விலையை அறிவது எளிது. பழைய மோட்டார் வாகனத்தையோ நெசவுத் தறியையோ வாங்க நாலு பேர் முன்வந்தால் விலை தானே வெளிப்பட்டுவிடும். ஆனால் இராணுவத்திலும் காவல் படைகளிலும் இருபது, முப்பது ஆண்டுகள் பயன்பட்ட துப்பாக்கிக்கு நம் நாட்டில் சந்தை கிடையாது. வாங்குவதும் அரசு, வைத்திருப்பதும் அரசு, கழித்துக்கட்டுவதும் அரசு. ஆயினும் அதன் மதிப்பை அறிய வேண்டிய தேவை அரசுக்கு அடிக்கடி எழுகிறது. அதற்குப் புதிய பாகங்கள் பொருத்தி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவதா, அன்றி அதைக் கைவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் வினாவுக்கு, அந்த மதிப்பை அறியாமல் விடை காண இயலாது.

இலட்சக்கணக்கான துப்பாக்கிகளைப் பொறுத்த வினா இது. இதில் நேரும் தவறு மக்களின் வரிப்பணத்தை மட்டுமன்றி, அத்துப்பாக்கியை நம்பி நிற்கும் வீரரின் உயிரையும் பாதிக்கும்.

துப்பாக்கிகளின் தலைமுறைகள்

பழையதைத் திருத்திப் பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று. மேற்கு வங்கத்திலுள்ள இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை, ஆங்கிலேயர் காலத்து .303 துப்பாக்கியை நெடுங்காலம் தயாரித்து வந்தது. 1962 ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், அதே அமைப்பை வலுவான எஃகில் செய்து, 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றதாக மாற்றியது. பின்னர் தானே மறுதோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி படைகளின் முதன்மை ஆயுதமாயிற்று.

1987 முதல் 1990 வரை இலங்கையில் பணியாற்றிய இந்திய அமைதி காப்புப் படையினரிடம் இருந்தது இந்த எஸ்.எல்.ஆர். தான். எதிர்த்தரப்பினரோ, தொடர்ந்து சுடவல்ல ஏ.கே. ரகத் துப்பாக்கிகளை ஏந்தியிருந்தனர். அந்த அனுபவத்தையும் காஷ்மீர் நிலைமையையும் ஒட்டி, 1990 களின் தொடக்கத்தில் ஏ.கே. ரகத் துப்பாக்கிகள் பெருமளவில் இறக்குமதி செய்யப்பட்டன. அதே பத்தாண்டில், உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியும் படைகளுக்கு வந்தது. 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் இன்சாஸின் மேகசின்கள் விரிசல் கண்டதாகப் புகார்கள் எழுந்தன.

இன்சாஸைப் பொறுத்தவரை, அரசு மாற்றும் வழியையே தேர்ந்தெடுத்தது. உத்தரப் பிரதேசம், அமேதி மாவட்டம் கோர்வாவில் இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனம் தயாரிக்கும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏ.கே.203 துப்பாக்கிகளுக்கு, 2021 டிசம்பரில் ரூ.5,000 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. துப்பாக்கி ஒன்றின் சராசரி விலை ரூ.85,000 ஐ ஒட்டி வருகிறது. முன்னர் இறக்குமதியான ஏ.கே. துப்பாக்கிகளைப் பொறுத்தவரை, அவற்றைச் சீரமைத்துப் பயன்படுத்தும் வழியும் திறந்திருக்கிறது. நாம் ஆராய வேண்டியது இவ்வழியையே.

மதிப்பு எங்கே இருக்கிறது?

துப்பாக்கியின் மதிப்பு அதன் வயதில் இல்லை. எஞ்சியுள்ள ஆயுளில் இருக்கிறது. படைக்கலச் சாலையில் உறங்கிய முப்பது ஆண்டுத் துப்பாக்கி, பயிற்சித் திடலில் நாள்தோறும் சுட்ட பத்தாண்டுத் துப்பாக்கியைவிட உயர்ந்ததாக இருக்கக்கூடும்.

எஞ்சிய ஆயுளைக் காட்டுபவை நான்கு. முதலாவது, குழல். ஒவ்வொரு முறை சுடும்போதும் வெப்பமும் அழுத்தமும் குழலின் உட்புறத்தைச் சிறிது அரிக்கின்றன. அளவுகோல் செருகி இத்தேய்மானத்தை அளக்கலாம். ஏ.கே. ரகக் குழல்களின் உட்புறம் குரோமியம் பூசப்பட்டிருப்பதால் தேய்மானம் மெதுவாகவே நிகழும். இரண்டாவது, தோட்டா அமரும் அறைக்கும் அதை மூடும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி. இது வரம்பு மீறினால் சுடுபவருக்கே ஆபத்து. மூன்றாவது, இவற்றைத் தாங்கும் உலோகக் கூட்டில் விரிசலோ துருவோ உள்ளதா என்பது. நான்காவது, எத்தனை தோட்டாக்கள் சுடப்பட்டன, எப்போது பழுது பார்க்கப்பட்டது என்னும் பதிவேடு. பதிவேடு இல்லாத துப்பாக்கியைக் குறைத்து மதிப்பிடுவதே அறிவுடைமை.

சுருள்வில், கைப்பிடி, மேகசின் ஆகியவை மலிவானவை, எளிதில் மாற்றத்தக்கவை. அவை பழுதாகியிருப்பதைக் கண்டு துப்பாக்கியைத் தள்ளுவதும் தவறு. அவை பளபளப்பதைக் கண்டு ஏற்பதும் தவறு.

பெங்களூரு காட்டும் வழி

2001 ஆம் ஆண்டில் பாதுகாப்புத் தளவாட உற்பத்தி தனியார் துறைக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பயனைப் பெங்களூருவில் காணலாம். மோட்டார் தொழிலுக்குச் சுருள்வில் செய்துவந்த தொழிற்குழுமம் ஒன்றிலிருந்து தோன்றிய எஸ்.எஸ்.எஸ். டிபென்ஸ் நிறுவனம், துப்பாக்கிகளுடன் பழைய ஏ.கே. ரகத்துக்கான மேம்பாட்டுத் தொகுப்புகளையும் உருவாக்கியது. அதே நகரின் டோன்போ இமேஜிங் நிறுவனம் வெப்பத்தைக் கொண்டு உருவம் காட்டும் குறிநோக்கிகளைச் செய்கிறது. 1954 இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இரவு நோக்குக் கருவிகளில் நீண்ட அனுபவமுடையது.

ஏ.கே. துப்பாக்கிக்கான மேம்பாட்டுத் தொகுப்பில் பொதுவாக அடங்குபவை: நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க தோள்கட்டை, நல்ல பிடிமானமுள்ள கைப்பிடி, கருவிகளைப் பூட்டுவதற்கான பற்சட்டம் கொண்ட முன்பிடியும் மேல்மூடியும், பின்னுதைப்பைக் குறைக்கும் குழல்முனைக் கருவி, குறிநோக்கி. இவற்றால் வீரர் விரைவாகவும் துல்லியமாகவும் குறிபார்க்க முடிகிறது. இரவிலும் பயன்படுத்த முடிகிறது.

ஆனால் இவற்றுள் எதுவும் குழலின் ஆயுளை ஒரு நாள்கூட நீட்டிப்பதில்லை. மேம்பாடு துப்பாக்கியின் திறனைக் கூட்டுகிறது, ஆயுளைக் கூட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை மறந்தால், தேய்ந்த குழலுக்கு அணிகலன் பூட்டிய கதையாக முடியும்.

கணக்கு

எடுத்துக்காட்டாகச் சில எண்களைக் கொள்வோம். புதிய துப்பாக்கியின் விலை ரூ.85,000, ஆயுள் 25 ஆண்டுகள். பழைய துப்பாக்கியின் எஞ்சிய ஆயுள் 8 ஆண்டுகள்; மேம்பாட்டுச் செலவு ரூ.40,000. பழைய துப்பாக்கிக்கு வேறு பயனோ விற்பனை விலையோ இல்லையாதலால், அதன் அடக்கத்தைச் சுழி எனக் கொள்ளலாம்.

விலையை ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால், புதியதற்கு ஆண்டுக்கு ரூ.3,400, பழையதற்கு ரூ.5,000. புதியதே மலிவு என்று தோன்றும். ஆனால் இக்கணக்கு முழுமையானதன்று. அரசின் பணத்துக்கும் வட்டி உண்டு. ஆண்டு வட்டி 7 சதவீதம் எனக் கொண்டு, முதலும் வட்டியும் சேர்ந்து சம தவணைகளில் அடையும்படி கணக்கிட்டால், புதியதன் ஆண்டுச் செலவு சுமார் ரூ.7,290 ஆகிறது; பழையதன் ஆண்டுச் செலவு சுமார் ரூ.6,700. முடிவு தலைகீழாகிவிடுகிறது! பெருந்தொகையை எட்டு ஆண்டுகள் தள்ளிப்போடுவதன் ஆதாயம் இது.

இனி, எஞ்சிய ஆயுள் 8 ஆண்டுகளன்று, 5 ஆண்டுகளே எனக் கொள்வோம். அதே ரூ.40,000 மேம்பாட்டின் ஆண்டுச் செலவு சுமார் ரூ.9,760 ஆக உயர்கிறது. மேம்பாடு மீண்டும் நட்டமாகிறது. எனவே முடிவைத் தீர்மானிப்பது தொகுப்பின் விலை மட்டுமன்று. குழலை அளந்தவரின் நேர்மையும் திறமையுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குறிநோக்கியைக் கழற்றி அடுத்த துப்பாக்கியில் பூட்டலாம். தோள்கட்டையை அவ்வாறு எல்லா ரகங்களுக்கும் மாற்ற இயலாது. ஆகவே குறிநோக்கியின் விலையைப் பழைய துப்பாக்கியின் கணக்கில் முழுவதும் ஏற்றலாகாது. குறிநோக்கிகளின் செலவு சிறிதன்று. அமெரிக்காவிலிருந்து சிக் சாவர் 716 துப்பாக்கிகள் 2019 இல் 72,400 உம், 2024 இல் சுமார் 73,000 உம் வாங்க ஒப்பந்தமாயிற்று. பின்னைய தொகுதியின் விலை சுமார் ரூ.837 கோடி. இந்த ரகத்துக்கான இரவுக் குறிநோக்கிகளுக்கும் துணைக்கருவிகளுக்கும் மட்டும் 2025 அக்டோபரில் ரூ.659 கோடிக்கு இந்திய நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது.

கணக்கில் அடங்காதவை

தோட்டாவின் அளவு மாறினால் துப்பாக்கியோடு செலவு நிற்பதில்லை. தோட்டா இருப்பு, மேகசின்கள், உதிரிப் பாகங்கள், பழுதுபார்ப்போரின் பயிற்சி அனைத்தும் மாற வேண்டும். பழைய ஏ.கே. துப்பாக்கியும் புதிய ஏ.கே.203 உம் ஒரே ரகத் தோட்டாவைப் பயன்படுத்துவது பழையதைச் சீரமைப்பதற்குச் சாதகமான காரணம்.

மறுபுறம், சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. 2008 நவம்பரில் மும்பை இரயில் நிலையத்தில் ஏ.கே. துப்பாக்கி ஏந்திய பயங்கரவாதிகளை எதிர்கொண்ட காவலர்களிடம் இருந்தவை பழைய .303 துப்பாக்கிகளும் தடிகளுமே. .303 ஐ எவ்வளவு திருத்தினாலும் அந்த இடைவெளி நிரம்பியிராது. ஆயுதத்தின் அடிப்படை அமைப்பே காலாவதியாகிவிட்டால், ஆண்டுச் செலவுக் கணக்கு பொருளற்றதாகிவிடும்.

இம்முயற்சிகள் யாவும் அரசுப் படைகளுக்கே உரியவை என்பதையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள். அவற்றை உரிமையின்றி வைத்திருப்பதற்கான சிறைத் தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பின் 7 முதல் 14 ஆண்டுகள் வரை ஆகும்.

செய்ய வேண்டியவை

மேம்பாட்டுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருமுன் துப்பாக்கிகளைத் தரம் பிரிப்பது முதற்கடமை. குழல் நன்றாக இருப்பவை ஒரு தொகுதி. குழலை மாற்றினால் தேறுபவை மற்றொரு தொகுதி. பழுதுபார்க்கும் செலவு பயனை விஞ்சுபவை மூன்றாவது தொகுதி. முதல் தொகுதிக்கே முழுத் தொகுப்பு. இரண்டாவதற்குக் குழலின் விலையையும் சேர்த்த பின் கணக்கு. மூன்றாவதை உதிரிப் பாகங்களுக்காகப் பிரித்து, எஞ்சியதை அழித்துவிடுவதே முறை. அவ்வாறு அழிப்பது தவறான கைகளில் ஆயுதம் சேராமலும் காக்கும்.

இப்பணிக்கு வேண்டிய தொழில் திறன் பெங்களூருவின் பட்டறைகளிலும் திருச்சிராப்பள்ளி, கான்பூர், இச்சாப்பூர் தொழிற்சாலைகளிலும் இருக்கிறது. அத்திறனுக்கு முன்னே செல்ல வேண்டியது அளவுகோல் ஏந்திய ஓர் ஆய்வாளரும், மறைக்கப்படாத ஒரு பதிவேடும். அவர் எழுதும் எண் சரியாக இருந்தால் வரிப்பணம் மிஞ்சும். எல்லையில் காவல் நிற்பவரின் கையிலுள்ள கருவியும் வேண்டிய நேரத்தில் கைவிடாது.