குக்கில் இறங்கிப் பார்க்கலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஆளே இல்லாத ஊரில் ரயில் நிற்குமாமே, போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஊரின் பெயர் குக். சிட்னிக்கும் பெர்த்துக்கும் இடையே 4,352 கிலோமீட்டர் ஓடும் இந்தியன் பசிபிக் ரயில், டீசல் பிடிக்கவும் ஓட்டுநர் மாறவும் அங்கே நிற்கும்போது பயணிகளும் இறங்கலாம்.

1917-இல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை போட்டபோது, அதைப் பராமரிக்கும் தொழிலாளர்களுக்காக உருவான ஊர் இது. பள்ளி, மருத்துவமனை, நீச்சல்குளம் எல்லாம் இருந்தன. மளிகையும் இறைச்சியும் சம்பளமும்கூட ‘டீ அண்ட் சுகர்’ என்ற ரயிலில்தான் வரும். அந்த ரயில் 1996-இல் நின்றது. மறு ஆண்டே ரயில்வே தனியார் கைக்குப் போக, குடும்பங்கள் கிளம்பிவிட்டன. இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்களே இருக்கிறார்கள்.

பூட்டிய வீடுகளைவிட என்னை அதிகம் ஈர்ப்பது தண்டவாளம். நல்லார்போர் சமவெளியில் 478 கிலோமீட்டருக்கு அது ஒரு வளைவும் இல்லாமல் போகிறது. உலகிலேயே மிக நீளமான நேர்ப்பாதை. ரயிலை விட்டுக் கீழே இறங்கி, இரு திசையிலும் பாருங்கள்.

காரிலும் போகலாம். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் மண்பாதை. ஊரில் கடை கிடையாது. தண்ணீர், பெட்ரோல், உதிரி டயர் இல்லாமல் தயவுசெய்து கிளம்பாதீர்கள்.