அச்சிட்ட மறைவுச் செய்தி கணிப்பொறிக்குள் போவது எப்படி?

உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன? அவர் எந்த ஊரில் பிறந்தார்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் உடனே விடை கூறக்கூடியவர்கள் நம்மில் மிகச் சிலரே.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் பலருக்கு இக்கேள்விகள் இன்னும் கடினமானவை. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றின. வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் இங்கு வந்து குடியேறின. தாத்தாவின் ஊர் ஓரிடம்; பேரனின் ஊர் வேறிடம். இரண்டையும் இணைக்கும் அச்சுச் சான்று பல வீடுகளில் ஒரே ஒரு தாளாக இருக்கலாம். அதுவே மறைவுச் செய்தி.

நாளிதழில் வந்த அறிவிப்பு, காரியப் பத்திரிகை, ஆண்டு நினைவஞ்சலி ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. மறைந்தவரின் பெயர், தலைப்பெழுத்து, வயது, நாள், சொந்த ஊர் ஆகியவற்றோடு மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்களும் இவற்றில் வரிசையாக இருக்கும். இறப்புச் சான்றிதழில் இந்த உறவு வரிசை கிடையாது.

ஆனால், காரியப் பத்திரிகையைப் படித்தவுடன் கிழித்துப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தப்பிய தாள்களும் நிலைப்பதில்லை. செய்தித்தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது. காகிதத்தில் உள்ள அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டிக்கிறது. மடித்த இடத்தில் தாள் உடைவது இதனால்தான்.

யாழ்ப்பாணம் காட்டிய வழி

கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்றால், இவ்வகைத் தாள்களைப் போற்றும் மரபு ஒன்றைக் காணலாம். அங்கே ஒருவர் மறைந்த 31-ஆம் நாள் சடங்கையொட்டி நினைவு மலர் அச்சிட்டு வழங்குவர். அதனைக் 'கல்வெட்டு' என்றும் சொல்வர். பக்திப் பாடல்களுடன் மறைந்தவரின் வரலாறும், பலவற்றில் வம்சவழியும் அதில் இடம்பெறும்.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள் ஒரே இரவில் இல்லாமற் போகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. 2005-இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களுடன் இத்தகைய நினைவு மலர்களையும் எண்ணுருவாக்கிப் பாதுகாத்து வருகிறது.

எத்தனை புள்ளிகள் வேண்டும்?

எண்ணுருவாக்கம் என்றால் என்ன? ஸ்கேனர் தாளின்மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை நுண்ணிய கட்டம் கட்டமாக அளக்கிறது. முழுக் கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 255 என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கிடைக்கிறது. இவ்வெண்களின் தொகுப்பே படம்.

இப்பொழுது ஒரு சிறு கணக்கு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 100 கட்டம் வைத்தால் ஒரு கட்டத்தின் அகலம் 0.254 மி.மீ. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி 0.25 மி.மீ. அகலம் என்று கொள்வோம். அது நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலையில் விழுந்தால், ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு மையே கிடைக்கும். நான்கும் வெளிறிய சாம்பல் நிறமாகும். கணிப்பொறி அவற்றை வெண்மை என்று தள்ளிவிடலாம். 'செல்வம்' என்பது 'செலவம' ஆகிவிடும்!

அங்குலத்துக்கு 300 கட்டம் வைத்தால் ஒரு கட்டம் ஏறத்தாழ 0.085 மி.மீ. அதே புள்ளி சுமார் 9 கட்டங்களில் பரவும், எளிதில் மறையாது. ஆகவே 300-க்குக் குறையாமல் வைப்பது நல்லது. சிறிய எழுத்துக்கு 600 சிறந்தது.

மஞ்சளேறிய தாளை வண்ணத்திலேயே படமெடுங்கள். மஞ்சள் தாள் நீல ஒளியை விழுங்கும். சிவப்பு ஒளியை நன்கு திருப்பி அனுப்பும். கறுப்பு மை இரண்டையும் விழுங்கிவிடும். எனவே வண்ணப்படத்தின் சிவப்புப் பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தால் தாள் வெளுத்தும் எழுத்து கறுத்தும் தெளிவாகத் தோன்றும்.

படமும் எழுத்தும்

படம் கிடைத்தால் வேலை முடிந்துவிடவில்லை. படத்திற்குள் பெயரைத் தேட முடியாது. எழுத்துணரி என்னும் மென்பொருள் வடிவங்களை ஒப்பிட்டு அவற்றை எழுத்துகளாக மாற்றித் தருகிறது. தமிழில் 'ர'வும் துணைக்காலும் மிக ஒத்திருப்பதால் 'ராமன்' என்பதை அது 'ரரமன்' என்று படிக்கக்கூடும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை வேறு வடிவில் அச்சாயின. 'அண்ணாமலை' என்னும் பெயரில் மட்டும் அத்தகைய எழுத்துகள் இரண்டு! புதிய வடிவங்களை மட்டும் அறிந்த மென்பொருள் இங்கே தடுமாறும்.

இத்தகைய எழுத்துப் பிழைகள் பெரும்பாலும் தம்மைத் தாமே காட்டிக் கொடுக்கும். எண் பிழை அவ்வாறு காட்டிக் கொடுக்காது. 1938 என்பது 1933 ஆகிவிட்டால் பார்ப்பவருக்கு ஐயமே எழாது. அதனால் எண்களை எண்களைக் கொண்டே சோதிக்க வேண்டும். 1983-இல் 68 வயதில் மறைந்தவர் சுமார் 1915-இல் பிறந்திருப்பார். அவருடைய மூத்த மகள் 1920-இல் பிறந்ததாகப் பதிவு சொன்னால் எங்கோ பிழை உள்ளது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. 'பிரபவ' என்பது 1927-இலும் தொடங்கியது, 1987-இலும் தொடங்கியது. எது என்பதை உறவினரின் வயதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. பூந்தமல்லி, பூவிருந்தவல்லி, பூனமல்லி மூன்றும் நமக்கு ஓர் ஊர். கணிப்பொறிக்கு மூன்று ஊர்கள். அச்சில் உள்ளபடி ஒரு பத்தியிலும், பொதுப் பெயரை அடுத்த பத்தியிலும் எழுதி வையுங்கள்.

நீங்களும் செய்யலாம்

விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி பெற்று இத்தகைய தாள் ஒன்றைத் தேடி எடுங்கள். படமெடுத்து, பெயர், ஆண்டு, ஊர், உறவு என அட்டவணையாக்குங்கள். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சரிபார்க்கட்டும். உயிருடன் இருப்பவர்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வெளியாருக்குத் தராதீர்கள். படத்தின் நகல்களை வெவ்வேறு மூன்று இடங்களில் வையுங்கள். மூலத்தாளை எறிந்துவிட வேண்டா. ஐயம் எழும்போது இறுதிச் சான்று அதுவே.

அந்தக் காலத்துப் பெண்கள் பலருடைய பெயர் வேறெங்கும் அச்சில் ஏறியதில்லை. அந்த ஒரு தாளில் உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருந்தால், அதைப் புள்ளி குறையாமல் அடுத்த தலைமுறைக்குத் தரும் பொறுப்பு உங்களுடையது.