உடற்கொழுப்பும் நாவின் சுவையும்

உடல் பருத்த இளைஞர் சிலர், தேநீரில் இனிப்புப் போதவில்லை என மேலும் சர்க்கரை கேட்பதை நாம் காண்கிறோம். இது வெறும் ஆசைதானா?

நாவிலுள்ள சுவை மொட்டுகளின் செல்கள் ஏறத்தாழ 10 நாள்களில் புதுப்பிக்கப்படுகின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனியை 8 வாரங்கள் உண்டு பருத்த சுண்டெலிகளுக்குச் சுவை மொட்டுகள் சுமார் 25 விழுக்காடு குறைந்திருந்தன. அதே தீனியை உண்டும் பருக்காதவற்றுக்கு அக்குறைவு இல்லை. மிகைக் கொழுப்பு தூண்டும் அழற்சியே இதற்குக் காரணம் எனக் கண்டனர்.

மனிதரிடம் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. எனினும், சுவை குன்றினால் சர்க்கரை கூடும். அதனால் எடையும் கூடும். ஆகவே இல்லத்தார் அனைவரும் சேர்ந்து இனிப்பையும் உப்பையும் சிறிது சிறிதாகக் குறைப்போம். சில வாரங்களில் நா பழகிவிடும். சுவை திடீரென மறைந்தால் மருத்துவரிடம் கூறுவோம்.