ரேட் கேட்பதற்கு முன் லைசென்ஸ் கேளுங்கள்

டெல்லியில் ரோகிணியிலோ ஜனக்புரியிலோ பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள், காண்ட்ராக்டரிடம் சதுர அடிக்கு என்ன ரேட் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். மேற்பார்வை யார், அவர் தகுதி என்ன என்பதையும் அப்போதே கேளுங்கள்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி (2016), சூப்பர்வைசர் தகுதி மட்டும் உள்ளவர் 200 சதுர மீட்டர் மனையில் இரண்டு தளம், 7.5 மீட்டர் உயரம் வரையிலான வீடுகளைத்தான் மேற்பார்வையிடலாம். டெல்லியில் இப்போது கட்டப்படும் நான்கு மாடி வீடுகளுக்கு அவர் போதாது. நிலநடுக்க ஆபத்துள்ள நகரம் இது. கட்டமைப்புப் பொறியாளருக்குத் தரும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆர்க்கிடெக்டின் பதிவு எண்ணைக் கட்டடக்கலைக் கவுன்சில் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

வயரிங் வேலைக்கு விதி இன்னும் கறாரானது. பல்பு, ஃபேன், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர மற்றதை உரிமம் பெற்ற மின் காண்ட்ராக்டர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள சூப்பர்வைசர் நேரடியாக மேற்பார்வையிட வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி இது.

உரிமம் மின் காண்ட்ராக்டர் பெயரிலேயே இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். நகல் வாங்கி, ஒப்பந்தத்தோடு இணைத்த பிறகே முன்பணம் கொடுங்கள்.